பழைய தட்டச்சுப் பொறிகளின் எழுத்து வடிவத்தை அடையாளம் காண்பது எப்படி?

வண்ணைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது, காலஞ்சென்ற என் பெரியப்பாவின் இரண்டு தட்டச்சுப் பொறிகளும், ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்களும் கார்பன் நகல்களும் கிடைத்தன. அவர் லிங்கிச் செட்டித் தெருவில், துறைமுகத்துக்கு வந்திறங்கும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். பொறிகளில் ஒன்று மேசையில் வைக்கும் பெரிய ஹால்டா. மற்றொன்று கைப்பெட்டியோடு கூடிய சிறிய ஒலிவெட்டி லெட்டெரா 22. கடிதங்களில் மிகப் பழையது 1949ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடைசிக் கடிதத்தின் தேதி 1968. ஒன்றே ஒன்று தமிழில் அடிக்கப்பட்டிருக்கிறது; மற்றவை அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன.

குடும்பத்தினருக்காக இந்தக் கடிதங்களைத் தொகுத்துச் சிறு நூலாக்க எண்ணியுள்ளேன். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் அது எந்தப் பொறியில், எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று குறிப்பிட விரும்புகிறேன். கைப்பேசியில் படம் எடுத்து எழுத்துருவைக் கண்டுபிடித்துத் தரும் செயலியிடம் காட்டினால், எந்தத் தாளைக் காட்டினாலும் 'கூரியர்' என்ற ஒரே விடைதான் வருகிறது. வெறும் கண்ணால் பார்த்தாலே தாளுக்குத் தாள் எழுத்து மாறுபடுவது தெரியும்போது, இந்த விடையை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

மேலும், சிறிய பொறியில் இப்போது நான் அடித்துப் பார்க்கும் எழுத்தும், அதே பொறியில் பெரியப்பா அடித்ததாக நான் கருதும் கடிதங்களின் எழுத்தும் தடிமனில் ஒத்துப்போகவில்லை. இது எழுத்து வடிவத்தின் வேறுபாடா, ரிப்பனின் வேறுபாடா என்பதும் எனக்குப் புரியவில்லை. இத்துறையில் பழக்கம் உள்ளவர்கள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர் மெக்கானிக்

அம்மா, எழுத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்துக்கு எழுத்து உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். பொறியில் மாற்றவே முடியாதது, அல்லது மாற்றுவது மிகக் கடினமானது, அந்தத் தூரம் ஒன்றுதான். ஒரு கீயை அடித்தவுடன், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அதன் அடியில் உள்ள பல் சட்டமும், அதைப் பிடித்துப் பிடித்து விடும் எஸ்கேப்மென்ட் சக்கரமும் தீர்மானிக்கின்றன. ரிப்பன் புதிதானாலும் பழையதானாலும், அடிப்பவர் கை கனமானாலும் லேசானாலும், அந்த நகர்வு மாறாது. எழுத்துத் துண்டுகளைக் கழற்றி வேறு துண்டுகளைப் பற்றவைத்த பொறிகளை நான் பார்த்திருக்கிறேன். பல் சட்டத்தை மாற்றிய பொறியை எங்கள் தொழிலில் அநேகமாகப் பார்க்க முடியாது.

அங்குலத்துக்கு 10 எழுத்து விழுந்தால் அது பைகா. 12 எழுத்து விழுந்தால் எலைட். நம் இன்ஸ்டிட்யூட்டுகளில் 'பைகா மிஷின்', 'எலைட் மிஷின்' என்று சொல்வது இதைத்தான். ஆனால் இவ்விரண்டும் அளவின் பெயர்கள் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். ஒரே பைகா அளவில் பல வகையான வடிவங்கள் உண்டு. ஐரோப்பியப் பொறிகள் சிலவற்றில் அங்குலக் கணக்கே இராது, எழுத்துக்கு 2.6 மில்லிமீட்டர், 2.25 மில்லிமீட்டர் என்று மெட்ரிக் கணக்கில் பல் வெட்டியிருப்பார்கள்.

ஓர் எழுத்தை மட்டும் அளந்தால் எதுவும் தெரியாது. ஒரே வரியில் ஓர் எழுத்தின் இடது காலில் தொடங்கி, இடைவெளிகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டே சென்று, ஐம்பது இடம் தள்ளி வரும் எழுத்தின் இடது கால் வரை அளக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் ஒரே எழுத்து அமைந்தால் மிகவும் நல்லது. ஐம்பது இடத்துக்கு 127 மில்லிமீட்டர் வந்தால் பைகா. ஏறத்தாழ 106 வந்தால் எலைட். 130 வந்தால் அது 2.6 மில்லிமீட்டர் பல் வெட்டிய பொறி. தங்கள் பெரியப்பா சரக்குப் பட்டியல்கள் அடித்திருப்பார். அவற்றில் தலைப்புக்குக் கீழே சிறு கோடுகளாக வரிசை அடிக்கும் வழக்கம் உண்டு. அந்த வரிசை கிடைத்தால் எண்ணுவது எளிது. அளப்பதை அசல் தாளிலேயே அளக்க வேண்டும். ஜெராக்ஸ் நகலும் கைப்பேசிப் படமும் ஓரிரு விழுக்காடு சுருக்கியோ விரித்தோ காட்டிவிடும், பைகாவுக்கும் 2.6 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவுதான்.

அடுத்ததாக, கையில் உள்ள இரண்டு பொறிகளின் எழுத்துக்கும் சுத்தமான மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கிடப்பில் இருந்த பொறியில் ஓ, ஈ, ஏ ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளின் வயிற்றில் காய்ந்த மையும் ரிப்பன் பஞ்சும் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அடித்தால் எழுத்து தடித்துத்தான் தெரியும். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல், பழைய பல்துலக்கியைப் பெட்ரோலில் சிறிதளவு நனைத்து எழுத்துகளைத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பிரஷ் நம்மை நோக்கி வர வேண்டும். உட்புறமாகத் தள்ளினால் அழுக்கு முழுவதும் டைப் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெட்டுகளுக்குள் இறங்கி, பிறகு ஒவ்வொரு கம்பியும் பாதி வழியில் நின்றுவிடும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ரோலரின் ரப்பர் மீதும் உடற்பகுதியின் வண்ணத்தின் மீதும் படவே கூடாது. சிக்கிக்கொள்கிறதே என்று அந்த வெட்டுகளில் எண்ணெய் விடுபவர்கள் உண்டு; அப்படிச் செய்ய வேண்டாம், எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும்.

சுத்தம் செய்த பிறகு ரிப்பன் இல்லாமல் அடிக்க வேண்டும். பெரும்பாலான பொறிகளில் கறுப்பு, சிவப்பு ஆகியவற்றுடன் வெள்ளைப் புள்ளி ஒன்றும் இருக்கும். சைக்ளோஸ்டைலுக்கான ஸ்டென்சில் வெட்டுவதற்காக வைத்த இடம் அது. குமிழை அங்கே நகர்த்தினால் ரிப்பன் எழும்பாது. ரோலரில் முதலில் தடித்த தாள் ஒன்று, அதன்மேல் வெள்ளைத் தாள், அதன்மேல் மைப்பக்கம் வெள்ளைத் தாளைத் தொடும்படி கார்பன் தாள் என்று ஏற்றி, கார்பனின் முதுகிலேயே அடியுங்கள். ரிப்பன் துணியின் இழை இடையில் இல்லாததால், எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதைப் போல வந்து விழும். தடித்த தாள் எதற்கென்றால், பழைய ரோலரின் ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். அதன்மேல் நேராக அடித்தால் எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் பதியும். எல்லாக் கீகளையும் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு முறையும், ஷிஃப்ட்டோடு ஒரு முறையும் அடித்துவிடுங்கள். நாற்பத்து நான்கு கீ உள்ள பொறி என்றால் 88 குறிகள் கிடைக்கும்.

தடிமன் வேறுபடுவதாக எழுதியிருந்தீர்கள். இந்த மாதிரியை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். புதிய ரிப்பனில் மை மிகுதியாக இருக்கும். கார்பன் நகலிலோ மேலே எத்தனை தாள் இருந்தது என்பதைப் பொறுத்து எழுத்து மங்கிப் பருத்துத் தெரியும். தடிமனைக் கொண்டு எழுத்து வடிவத்தை ஒருபோதும் முடிவுசெய்யக் கூடாது.

கொருக்குப்பேட்டைப் பயிலகம்

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு முழுதும் உடன்படுகிறேன். தட்டச்சுப் பயிலகம் நடத்துபவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சில பொறிகளில் 1 என்ற எண்ணுக்குத் தனிக் கீ இராது; சிறிய எல் எழுத்தையே ஒன்றாக அடிக்க வேண்டும். வியப்புக்குறி இல்லாத பொறியில் மேற்குறியை அடித்து, பின்னால் தள்ளி, அதன் கீழே முற்றுப்புள்ளி வைப்போம். ஆகவே கடிதங்களில் தேதிகளைப் பாருங்கள். 1951 என்பதில் உள்ள இரண்டு ஒன்றுகளும் சிறிய எல்லைப் போலவே இருக்கின்றனவா, தனி வடிவம் கொண்டிருக்கின்றனவா என்று கவனித்தால், எழுத்தின் அழகுக்குள் நுழைவதற்கு முன்னரே தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். ஆனால் எல்லை ஒன்றாக அடித்துப் பழகிய விரல், ஒன்றுக்குத் தனிக் கீ உள்ள பொறியிலும் எல்லையே தேடிப் போகும். அதனால் தனி வடிவ ஒன்று இருந்தால் அதை உறுதியான சான்றாகவும், இல்லாவிட்டால் அரைச் சான்றாகவும் மட்டுமே கொள்ளுங்கள்.

வண்ணைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே அளந்தும் மாதிரி எடுத்தும் பார்த்துவிட்டேன். ஹால்டாவில் ஐம்பது இடத்துக்கு 127 மில்லிமீட்டரும், லெட்டெராவில் 106 மில்லிமீட்டரும் வருகின்றன. ஆகவே பெரியது பைகா, சிறியது எலைட் என்று கொண்டேன். லெட்டெராவின் கார்பன் மாதிரி, பெரியப்பா 1960களில் எழுதிய சொந்தக் கடிதங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. தடிமன் வேறுபாடு ரிப்பனால் வந்தது என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை.

சிக்கல் அலுவலகக் கடிதங்களில்தான். 1949 முதல் 1953 வரை உள்ள கட்டு, ஐம்பது இடத்துக்கு 130 மில்லிமீட்டர் வருகிறது. அது இரண்டு பொறிகளோடும் பொருந்தவில்லை. 1957க்குப் பிந்தைய கட்டில் எல்லாத் தாள்களும் 127 மில்லிமீட்டர் வருகின்றன. ஆனால் அவற்றில் ஒரு பகுதியில் உள்ள சிறிய ஜி எழுத்து ஹால்டாவின் ஜியோடு ஒத்துப்போகவில்லை. ஹால்டாவின் ஜிக்குக் கீழே திறந்த கொக்கி மட்டும் உள்ளது. இந்தத் தாள்களில் உள்ள ஜி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வளையம் கொண்டிருக்கிறது. இரண்டு தாள்களின் பெரிதாக்கிய படங்களை இணைத்துள்ளேன். இவற்றுக்கு எழுத்துருப் பெயர் சொல்ல முடியுமா?

மண்ணடி அச்சகத்தார்

சகோதரி, தங்கள் படங்களைப் பார்த்தேன். மிகுந்த கவனத்தோடு பிரித்திருக்கிறீர்கள். 130 மில்லிமீட்டர் வரும் கட்டு மெட்ரிக் பல் வெட்டிய ஏதோ ஓர் ஐரோப்பிய அலுவலகப் பொறியில் அடிக்கப்பட்டது. லெட்டெரா 22 சந்தைக்கு வந்ததே 1950இல் என்பதால், 1949ஆம் ஆண்டுத் தாள்கள் தேதியாலும் அதிலிருந்து விலகிவிடுகின்றன. 1957க்குப் பிந்தைய கட்டில் இரண்டு பைகாப் பொறிகள் இருந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று தங்களிடம் உள்ள ஹால்டா, மற்றொன்று அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

கூரியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் எங்கும் பரவியிருக்கிறது. கூரியர் என்பது ஐபிஎம் நிறுவனத்தின் மின் தட்டச்சுப் பொறிகளுக்காக 1950களின் நடுவில் ஹோவர்ட் கெட்லர் என்பவர் வரைந்த எழுத்து. ஐபிஎம் அதற்குத் தனியுரிமை கோராமல் விட்டதால் அது எங்கும் பரவி, பின்னர் கணினிகளிலும் குடியேறியது. செயலிகள் கணினி எழுத்துருக்களை மட்டுமே அறிந்தவை. சம அகலம் உள்ள எந்த எழுத்தைக் காட்டினாலும் தமக்குத் தெரிந்த மிக நெருங்கிய பெயரைச் சொல்லிவிடும். 1949ஆம் ஆண்டுக் கடிதத்துக்குக் கூரியர் என்று பெயரிடுவது காலக்கணக்கிலேயே பொருந்தாது. கணினியில் உள்ள கூரியர் நியூ இவ்வளவு மெலிந்து தெரிவதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: பொறியில் இருந்த உலோக எழுத்தின் கோட்டையே அளந்து வரைந்துவிட்டார்கள், ரிப்பன் மை தாளில் பரவிச் சேர்க்கும் சதையைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது எழுத்துருத் துறையில் பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

ஒரே பைகா அளவில் உள்ள இரண்டு முகங்களை, அதாவது எழுத்து வடிவங்களை, பிரிப்பதற்கு ஜி மிக நல்ல எழுத்துதான். எனினும் அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 4 என்ற எண்ணின் தலை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 3இன் மேற்பகுதி வளைவாக இருக்கிறதா, தட்டையான கோடாக இருக்கிறதா என்பதும் முகத்துக்கு முகம் மாறும். பெரிய எம்மின் நடுக்கூர் அடிக்கோடு வரை இறங்குகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா. பெரிய டபிள்யூவின் நடுக்கூர் தோளுக்குச் சமமாக ஏறுகிறதா, தாழ்ந்து நிற்கிறதா. க்யூவின் வால் வட்டத்துக்குள் புகுகிறதா, வெளியிலேயே தொங்குகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். தங்கள் இரண்டாவது படத்தில் 4 திறந்திருக்கிறது, 3 தட்டையாக இருக்கிறது. ஹால்டா மாதிரியில் இரண்டும் நேர்மாறாக உள்ளன. ஆகவே ஜி சொன்ன சாட்சியம் உறுதியாகிறது.

இந்த எழுத்துகளை ரசிக்க விரும்பினால், சிறிய ஐயையும் சிறிய எம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். அச்சுக்கோக்கும் ஈய எழுத்தில் ஐக்கு ஒல்லியான உடலும் எம்முக்கு அகன்ற உடலும் கொடுத்துவிடுவோம். தட்டச்சுப் பொறியிலோ இரண்டுக்கும் ஒரே அகலம்; பைகாவில் 2.54 மில்லிமீட்டருக்குள் இரண்டும் அடங்க வேண்டும். ஐ அந்த இடத்தில் தனியாக நின்றால் இரு பக்கமும் வெளி விழுந்து சொல் உடைந்துவிடும். அதனால்தான் அதன் காலடியில் நீண்ட பாதக்கோடு போட்டு, தலையில் இடப்பக்கம் ஒரு கொடி நீட்டி, இடத்தை நிரப்புகிறார்கள். எம்முக்கு நேரெதிர் நெருக்கடி. மூன்று காலுக்கும் பாதக்கோடு வைத்தால் அவை ஒன்றோடொன்று முட்டி, ரிப்பன் மையில் கறுத்துப்போகும். இதற்கு ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு விதமாகத் தீர்வு கண்டிருக்கிறார்கள். தங்கள் ஹால்டா மாதிரியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்: எம்மின் நடுக்காலைச் சற்றே குட்டையாக்கி, அதன் பாதக்கோட்டையும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். வாசிக்கும் கண் அதை ஒருபோதும் கவனிக்காது. ஆனால் அந்தச் சிறிய வெளிதான் எம் என்ற எழுத்தை மைத்திட்டாகாமல் காப்பாற்றுகிறது. சாய்ந்த கையெழுத்துப் போன்ற ஸ்கிரிப்ட் எழுத்துப் பொறிகளுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். 1930களில் ராயல் நிறுவனம் தன் சிறிய பொறிகளில் வைத்த, செரிஃபே (அந்தப் பாதக்கோடே) இல்லாத வோக் எழுத்துக்கும் பெருமதிப்பு உண்டு. வோக் அந்த மதிப்புக்குத் தகுதியானதுதான். ஸ்கிரிப்ட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் கிடையாது. அடுத்தடுத்த எழுத்துகளின் இணைப்புக்கோடு மயிரிழை விலகினாலும் முழுச் சொல்லும் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். பழைய பொறிகளில் அந்த விலகல் இல்லாமல் இராது. அலுவலகப் பைகா முகங்கள் அந்த விலகலைத் தாங்கிக்கொள்ளும்படியே வரையப்பட்டவை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பொறியின் நெற்றியில் உள்ள பெயர் எழுத்தின் பெயராகாது. பல நிறுவனங்கள் எழுத்துத் துண்டுகளைத் தனியாக வார்த்துக் கொடுப்பவர்களிடம் வாங்கின. பெர்லினில் ரான்ஸ்மயர் ரோட்ரியான் நிறுவனம் அப்படிப் பல ஜெர்மானியப் பொறிகளுக்கு எழுத்து வழங்கியது. சுவிட்சர்லாந்தில் காரக்டேர் என்ற நிறுவனம் இருந்தது. ஆகவே ஒரே முகம் வெவ்வேறு பொறிகளில் வரும்; ஒரே பொறியும் வாங்குபவர் விருப்பப்படி வெவ்வேறு முகங்களோடு விற்கப்பட்டது. ஒவ்வொரு துண்டிலும் மேலே பெரிய எழுத்தும் கீழே சிறிய எழுத்தும் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு இடையில் உள்ள சிறு வெற்றிடத்தில் வார்த்தவரின் முத்திரை இருக்கக்கூடும். லென்ஸையும் கைவிளக்கையும் வைத்துச் சாய்வாக ஒளி பாய்ச்சிப் பாருங்கள். முத்திரை இருந்தால் அதைக் கொண்டு பழைய மாதிரிப் பட்டியல்களில் தேடலாம்.

பெரம்பூர் மெக்கானிக்

முத்திரையைப் பார்ப்பதற்காகத் துண்டைக் கழற்றிவிடாதீர்கள். அது டைப் கம்பியின் நுனியில் ஈயப்பற்றால் ஒட்டியிருக்கிறது. ஒரு முறை கழற்றினால் அதே உயரத்தில், அதே சாய்வில் திரும்ப வைப்பது பழகிய கைக்கும் எளிதன்று. துண்டின் முகம் ரோலரின் வளைவுக்கு ஏற்ப உட்குழிந்து வெட்டப்பட்டிருக்கும். சிறிது திரும்பினாலும் எழுத்தின் தலை பதிந்து கால் பதியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகம் வேறு, பொறியின் தனி அடையாளம் வேறு. தங்கள் ஹால்டா மாதிரியில் பெரிய எழுத்துகள் அனைத்தும் சிறியவற்றைவிடச் சற்று மேலே நிற்பதைப் படத்தில் கண்டேன். அது ஷிஃப்ட்டின் நிறுத்துத் திருகு தளர்ந்ததால் வருவது. எழுத்து வடிவத்தில் சேராது. ஓர் எழுத்து மட்டும் சாய்ந்தோ, செரிஃப் உடைந்தோ இருந்தால், அதுதான் அந்தப் பொறிக்கே உரிய கைரேகை. அமெரிக்காவில் 1949-50இல் நடந்த ஆல்ஜர் ஹிஸ் வழக்கில், ஒரு வுட்ஸ்டாக் பொறியின் எழுத்துகள்தான் நீதிமன்றத்தில் பெரும் சான்றாக வைக்கப்பட்டன. தங்கள் 1957ஆம் ஆண்டுக் கட்டில் ஹால்டாவோடு முகம் ஒத்துப்போகும் தாள்கள் உண்மையிலேயே இதே ஹால்டாவில் அடிக்கப்பட்டவையா, அதே முகம் கொண்ட வேறொரு ஹால்டாவிலா என்பதை இந்தக் குறைகளைக் கொண்டுதான் முடிவுசெய்ய முடியும். ஹால்டா ஸ்வீடன் நிறுவனத்தின் கூட்டோடு நம் சென்னையிலேயே தயாரான பொறி; அந்நாளில் பாரிமுனை அலுவலகங்களில் ஒரே வகைப் பொறிகள் வரிசையாக இருக்கும்.

திருவொற்றியூர் ஓய்வூதியர்

தமிழ்க் கடிதம் ஒன்று உண்டு என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆங்கிலப் பொறியின் 88, 92 குறிகளுக்குள் தமிழின் 247 எழுத்துகளை அடக்கும் சிக்கலுக்கு வழி கண்டவர் யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. தமிழ்ப் பொறியில் எழுத்துக்கு எழுத்து தூரத்தை அளப்பது ஆங்கிலத்தைப் போல நேரடியாக வராது. எழுத்துகளை எண்ணாமல் நகர்வுகளை எண்ண வேண்டும். 'கொ' என்பதில் கொம்பு, க, கால் ஆகிய மூன்றும் தனித்தனியாக அடிக்கப்படுவதால் மூன்று இடம். 'க்' என்பதில் புள்ளிக்கு உரிய கீ நகரா விசை. அதை அடித்தால் கேரேஜ் அசையாது, ஆகவே புள்ளியும் எழுத்தும் சேர்ந்து ஓர் இடம்தான். 'கி', 'கீ' போன்றவற்றின் கொக்கிகளும் அப்படியே. டி, டீ இரண்டுக்கும் மட்டும் உடலோடு சேர்ந்த தனி வடிவம் உண்டு.

ஆங்கிலத் துண்டில் பெரிய எழுத்து இருக்கும் இடத்தில் தமிழில் என்ன இருக்கும் என்பது பார்க்க வேண்டிய காட்சி. பயிலகத்தில் முதல் நாள் 'யளனக' என்று அடிக்கக் கற்றோமே, அந்த க உள்ள துண்டில் மேலே கு இருக்கும். த உள்ள துண்டில் து, ம உள்ள துண்டில் மு. உகரத்தின் சுழி எழுத்துக்கு எழுத்து வேறுபடுவதால் அதை நகரா விசையாகத் தனியே பிரிக்க முடியவில்லை.

முகத்தை அடையாளம் காண ண, ஞ, ர மூன்றையும் பாருங்கள். அச்சுப் புத்தகத்தில் ண என்பது ர என்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். பொறியில் இரண்டும் ஒரே இடத்தில் அமர்வதால், ணவின் சுழிகள் நெருக்கப்பட்டு நீள்வட்டமாகிவிடும். இந்த நெருக்கம் எந்த அளவுக்கு என்பதில்தான் ஒரு தமிழ் முகம் இன்னொன்றிலிருந்து மாறும். புள்ளிகளையும் பாருங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே புள்ளிதான் என்பதால், அது எல்லாவற்றின் தலைக்கும் மேலே ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் நிற்கும். 'ட்' என்பதில் அது எழுத்தின் நடுவுக்கு மேலே நிற்காமல் காற்றில் தொங்குவதாகத் தோன்றும். எனக்கு அது இன்றும் பிடித்தமான காட்சி. இளைஞர்கள் பிழை என்று நினைக்கிறார்கள்.

வண்ணைவாசி

தமிழ்க் கடிதத்தில் புள்ளிகள் அப்படியேதான் நிற்கின்றன, ஐயா. ஹால்டாவின் துண்டுகளில் சாய்வாக ஒளி பாய்ச்சிப் பார்த்தேன். முத்திரை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. முகத்தின் பெயர் கிடைக்காத நிலையில் நூலில் எப்படிக் குறிப்பிடுவது? மேலும், இரண்டு பொறிகளிலும் புதிய ரிப்பன் மாட்டி முன்னுரையின் ஒரு பக்கத்தை அவற்றிலேயே அடிக்க விரும்புகிறேன். பழைய ரிப்பன் சுருள்களைத் தூக்கி எறிந்துவிடலாமா?

மண்ணடி அச்சகத்தார்

பெயர் தெரியாதபோது பெயர் எழுத வேண்டாம், வடிவத்தை எழுதுங்கள். 'ஹால்டா பொறி; பைகா, அங்குலத்துக்கு 10 எழுத்து; செரிஃப் உள்ள முகம்; ஒற்றை வளைய ஜி, மூடிய 4, வளைந்த 3' என்றால் போதும். இரண்டாவது பைகாவை 'அலுவலகப் பொறி, பெயர் தெரியவில்லை. இரட்டை வளைய ஜி, திறந்த 4, தட்டையான 3' என்றும், 1949ஆம் ஆண்டுக் கட்டை '2.6 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஐரோப்பியப் பொறி' என்றும் குறிக்கலாம். நூலின் கடைசியில் இரண்டு பொறிகளின் கார்பன் மாதிரியையும் உண்மை அளவிலேயே அச்சிட்டு, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் எவரேனும் அந்த முகத்தின் பெயரை அறிந்தவராக இருந்தால், அந்த ஒரு பக்கத்தைக் கொண்டே அவர் சொல்லிவிடுவார்.

பெரம்பூர் மெக்கானிக்

சுருள்களை எறிந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் அரை அங்குல ரிப்பன்தான். துணி எங்கும் கிடைக்கும், ஆனால் சுருளின் நடுத்துளையும் பக்க உயரமும் பொறிக்குப் பொறி மாறும். புதிய ரிப்பனை வாங்கி, அதைத் தங்கள் பழைய சுருள்களிலேயே கையால் சுற்றி ஏற்றுங்கள். பழைய ரிப்பனில் இரு முனைகளுக்கும் அருகே சிறு உலோக வளையம் இருந்தால், அதே தூரத்தில் புதிய ரிப்பனிலும் ஒன்று இருக்க வேண்டும். ரிப்பன் திசை மாறுவதற்கு அதுதான் தூண்டுகோல். மாட்டியபின் முதல் சில வரிகளை வேண்டாத தாளில் அடியுங்கள். புதிய மை முற்றுப்புள்ளிகளில் குளம்போலத் தேங்கும். அந்தக் கீயைச் சற்று மென்மையாகத் தொடுங்கள், இல்லையேல் தாளில் ஓட்டை விழும்.